ஊருக்கு ஒரு தொண்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் சிந்துஜாவுக்கும் ஆகாது. அண்ணனுக்கு நான், தம்பிக்கு அவள் என்று ஒரே வாசலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்திகள் நாங்கள். சேலையில் இருந்து சாம்பார் வரைக்கும் எங்களுக்குள் போட்டிதான். அப்படிப்பட்ட மோகனப்பிரியா, அதாவது நான், அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிறேன் என்றால் அது பொய்யாக இருக்க முடியாது. வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

இன்றைக்கு எங்கள் இச்சிக்காட்டுப்புதூரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நிலத்தடி நீர் எப்படி மேலே வந்தது என்று கேட்கிறார்கள். தடுப்பணை, பண்ணைக்குட்டை, சொட்டுநீர் என்று ஊராட்சித் தலைவர் லோகநாதன் மனப்பாடமாக ஒப்பிக்கிறான். எனக்கு ஒன்றுவிட்ட கொழுந்தன்தான் அவன், வாய் நீளம். அவன் சொல்வதெல்லாம் பிற்பாடு வந்தவை. முதலில் வந்தது சிந்துஜாவின் தாகம்.

அந்த முதல் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நிலத்தடி நீர் அலுவலகத்திலிருந்து ஷபானா என்ற பொறியாளர் வந்திருந்தார். ஈரோட்டுப் பெண், முப்பது வயசுக்குள் இருக்கும். மைக்கை வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"உங்க ஊர் நீர்மட்டம் அறுநூத்தி நாப்பது அடியில நிக்குது. தெரியுமா?"

"தெரியுமுங் மேடம். தெனமும் போன்ல வருதுங்களே" என்றான் லோகநாதன்.

"தெரிஞ்சு என்ன பண்ணுனீங்க?"

"தொள்ளாயிரத்துக்கு போர் போட்டமுங்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஷபானா சிரிக்கவில்லை.

"இதான் எல்லா ஊர்லயும் நடக்குது. பலகை வெச்சுப் பார்த்தோம். போன்ல அனுப்பிப் பார்த்தோம். தெருவுக்குத் தெரு சிவப்பு விளக்கு போட்டுப் பார்த்தோம். எண்ணைப் பார்த்துட்டு யாரும் மோட்டாரை நிறுத்தலை. இன்னும் ஆழமாத் தோண்டுனீங்க. எண்ணுக்கு வலிக்கவா போகுது?"

கைப்பையில் இருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பாக ஒன்று, தோல் நீக்காத உளுந்து மாதிரி இருந்தது. அலுவலகத்தில் அதற்கு நீளமாக ஏதோ பெயர். எங்கள் ஊரில் கடைசி வரைக்கும் அது உளுந்துதான்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு சர்க்கார் போர் இருக்குல்ல, அதுக்குள்ள கம்பி எறக்கியிருக்கோம். தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு அது நொடிக்கு நொடி பார்க்கும். பார்த்து இதுக்குச் சொல்லும். இதை ஒருத்தர் காதுக்குப் பின்னால, தோலுக்கு அடியில வெச்சுக்கணும். மட்டம் எறங்கினா அவங்களுக்குத் தாகம் எடுக்கும். ஏறினா அடங்கும்."

"தாகம்தானுங்களே மேடம், ஒரு சொம்பு தண்ணி குடிச்சாப் போச்சு" என்றேன் நான்.

"குடிச்சா அடங்காதும்மா. மோட்டாரை நிறுத்தினாத்தான் அடங்கும். தாகம் பொய், ஆனா குடிக்கிற தண்ணி நிஜம். தாங்க முடியாம குடம் குடமாக் குடிச்சா ரத்தத்துல உப்பு கொறைஞ்சு வலிப்பு வந்துடும்."

"அடப் பாவமே!" என்று பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள்.

"அவங்க கேட்டா எந்த நிமிஷமும் எடுத்துடுவோம். ஆனா எடுத்துட்டா உங்க ஊர் மோட்டார் எல்லாத்துக்கும் அரசாங்கம் பூட்டு போட்டுடும். அரசாங்கம் போட்ட கோட்டுக்குக் கீழ மட்டம் போன ஊருக்கு ரெண்டே வழி. ஒண்ணு பூட்டு, இல்லை ஒரு ஆள்."

நிறைய ஊர்களில் ஆளை வைத்துவிட்டார்களாம். ஊர்த்தொண்டை என்று ஜனங்கள் அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரும் வேட்டிக் கரையையும் முந்தானையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒருத்தர் மெதுவாக ஆரம்பித்தார்.

"மில் லைன் வீட்டுல ஒடிசாக்காரர் ஒருத்தர் இருக்காருங். ஏதாச்சும் குடுத்தா ஒத்துக்குவாரு. பாறைக்காட்டூர்ல அப்படித்தான் பண்ணியிருக்காங்க."

ஷபானாவின் முகம் மாறிவிட்டது. "பாறைக்காட்டூர்ல அவரை ஊருக்கு வெளிய ஒரு ரூம்ல வெச்சிருக்காங்க. கத்துனாக்கூட யாருக்கும் கேக்காது. அங்க மட்டம் இன்னும் எறங்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்கு நான் போய் அவருக்கு அதை எடுக்கப் போறேன்."

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். நான் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "உக்காரு புள்ள" என்றேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எங்க தோட்டத்துல மூணு போர் ஓடுதுங் மேடம். ஊர்லயே அதிகமா எடுக்கறது நாங்கதான். எனக்கே வெச்சுடுங்" என்றாள் சிந்துஜா.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த மூன்றில் ஒன்று என் வீட்டுக்காரர் சபரியுடையது. என் போரையும் சேர்த்துச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டாளே! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லித்தான் திட்டினேன். உள்ளுக்குள் உறைத்தது வேறு. அவளுக்கு முன்னால் நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று உறைத்தது.

முதல் கோடையில்தான் அந்த உளுந்து என்ன செய்யும் என்று பார்த்தோம்.

தாகம் என்று அவள் வாயைத் திறந்து சொல்லவே மாட்டாள். அது அவள் திமிர். எவர்சில்வர் சொம்பு ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அளவாக ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைப்பாள். வைத்த சொம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். ராத்திரி தூங்குகிறாளா என்று கேட்டால் "நல்லாத் தூங்கறனுங்க்கா" என்பாள். கண்ணைச் சுற்றிக் கரி பூசின மாதிரி இருக்கும். அவள் வீட்டுக்காரர், அதாவது என் கொழுந்தனார், எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்று, "அண்ணி, நீங்களாச்சும் சொல்லி எடுக்கச் சொல்லுங்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் சொல்லி அவள் என்றைக்குக் கேட்டாள்?

அந்த வருஷம் நாங்கள் நேந்திரன் வாழை வைத்திருந்தோம். குலை தள்ளுகிற பருவம். ஒரு நாள் மத்தியானம் சபரி மோட்டாரைப் போட்டுவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தார். நான் வாசலுக்கு வந்தேன். சிந்துஜா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"ஏஞ்சிந்து, மோட்டார நிறுத்தச் சொல்லட்டுமா?"

"எதுக்குங்க்கா? உங்க வாழை, உங்க தண்ணி."

"வாயைப் பாரு. சொன்னா என்ன, கிரீடம் எறங்கிப் போயிருமா?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெங்காயக் காரத்தில் கண்ணில் நீர் கோத்துக் கன்னத்தில் வழிந்தது. அதை அவள் நாக்கால் எட்டி நக்கினாள். தெரிந்து செய்யவில்லை. ஒரு சொட்டு கீழே விழுமுன் அந்த நாக்கு தானாக நீண்டு வந்து பிடித்துக்கொண்டது. ஐயோ, மனுசியை இப்படியா ஆக்குவது! கட்டின சேலையோடு தோட்டத்துக்கு ஓடி ஸ்டார்ட்டரை நானே அணைத்தேன்.

சபரி எச்சில் கையோடு பின்னால் வந்தார். "ஏம்புள்ள, பைத்தியமா உனக்கு? இன்னும் பாதிக் காடு பாயலே. வாழை செத்துரும்."

"சாகட்டும். இங்கொருத்தி கண்ணீரை நக்கித் தின்னுட்டு உக்காந்திருக்கறா. வாழை சாகட்டும்."

வாழை பாதி போயிற்று. அவள் ஒரு நன்றி சொன்னாளா? கிடையாது. ஆனால் மறுநாள் காலையில் அடுப்படியில் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தோசை சுட்டாள். நானும் என்னவென்று கேட்கவில்லை.

இதெல்லாம் ஊருக்குள் மெல்லப் பரவியது. அவள் சொம்பைத் தூக்கினால் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போன் போட்டார்கள். "சிந்து சொம்பத் தூக்கிருச்சு, மோட்டார நிறுத்து" என்பார்கள். அவள் முணுமுணுத்துப் பாடினால் அன்றைக்கு ஊரே நிம்மதியாகச் சாப்பிட்டது. அலுவலகத்துப் பலகை எத்தனை அடி காட்டுகிறது என்று பார்க்க ஒருத்தரும் போகவில்லை.

லோகநாதனுக்கு மட்டும் சந்தேகம். எல்லாம் நடிப்பு என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சட்டைப்பைக்குள்ளேயே போனை அமுக்கித் தன் நாலு மோட்டாரையும் ஒன்றாகப் போட்டான். சர்க்கார் போரை ஒட்டின காடு அவனுடையது. கொஞ்ச நேரத்தில் சிந்துஜாவின் கையில் இருந்த சர்க்கரைப் பை நழுவிக் கீழே கொட்டியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கொட்டின சர்க்கரையைக் கூட்டக் குனிந்தாள். லோகநாதன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். அன்று சாயங்காலமே இரண்டு போரை மூடிச் சிமெண்டு பூசினான். வாய் நீளம்தான், மனசு கெட்டவன் இல்லை.

அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரும்பு போய்ச் சோளம் வந்தது. வாழை போய்க் கம்பு வந்தது. மழை பெய்தால் ஒரு சொட்டு ஊரைத் தாண்டிப் போகாமல் ஊரே மண்வெட்டியோடு நின்றது. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை சிந்துஜாவுக்கு வந்தது. எனக்கு எரிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் "நீங்க அவங்களுக்கு அக்காங்களா?" என்று கேட்டால் மட்டும், "ஆமாமா, என்ற தங்கச்சிதான்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் கோடையில் ஒரு பெரிய இடி விழுந்தது. வெளியூர் ஆள் ஒருத்தன் சர்க்கார் போருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, ஒரே நாளில் வரிசையாக போர் போட்டு லாரி லாரியாகத் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்தான். மட்டம் மடமடவென்று சரிந்தது. சிந்துஜா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்டாத் தண்ணீரை மொண்டு குடித்திருக்கிறாள். நாங்கள் கதவை உடைத்தபோது தரையில் கிடந்தாள், கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "இந்தத் தடவை பொழைச்சுட்டாங்க. இன்னொரு தடவை இப்படி ஒரேயடியா எறங்குச்சுன்னா நான் பொறுப்பில்லை. அதை எடுத்துடுங்க."

சிந்துஜா ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப எடுத்தா பூட்டு வந்துருமுங். கோட்டுக்கு மேல தண்ணி வந்தப்பறம் எடுத்துக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த லாரி நிற்கிற இடத்துக்குப் போனேன். எனக்கு முன்பே ஊர்ப்பெண்கள் அத்தனை பேரும் வந்து லாரிக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை. இரண்டாம் நாள் அந்த ஆள் ஊரைவிட்டே போனான். எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது.

அடுத்த ஐப்பசியில், எங்கள் மாமனார் காலத்தோடு வறண்டு போன வெட்டுக்கிணற்றில் தண்ணீர் தெரிந்தது. அடியில் ஒரு தட்டு அகலத்துக்கு வானம் மின்னியது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. வயசான ஆம்பிளைகள் மூக்கைச் சிந்தினார்கள். தை மாசம் அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், நீர்மட்டம் நூற்றுப் பத்து அடிக்கு வந்துவிட்டது, கோட்டுக்கு மேலே. மாநிலத்திலேயே முதல் ஊர் நாங்கள். இனி உளுந்தை எடுத்துவிடலாம்.

"ஊர் முன்னாடி எழுந்திரிச்சு வாங்குனது. ஊர் முன்னாடிதான் எடுக்கோணும்" என்றாள் சிந்துஜா. சரி, விழா என்று முடிவாயிற்று. மேடையிலேயே டாக்டர் அதை எடுப்பார். சின்னக் கீறல்தான்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் புத்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் காபி கொடுத்ததும் முதல் வேலையாகத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் மோட்டாரைப் போட்டுக் காட்டுவோம். தொட்டியில் தண்ணீர் தபதபவென்று விழ வேண்டும், அவர்கள் அதில் கைகால் கழுவ வேண்டும், "நல்ல தண்ணிங்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. உளுந்து வந்த நாளிலிருந்து அந்த மரியாதையை நாங்கள் யாருக்கும் செய்யவில்லை. சொந்தச் சம்பந்தி வீட்டுக்குக்கூடச் செய்யவில்லை. அந்தக் குறை ஆம்பிளைகள் மனசில் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. லோகநாதன் எல்லோரையும் கூட்டிப் பேசிவிட்டான். முதலில் சிந்துவுக்கு உளுந்தை எடுத்துவிட வேண்டும். அடுத்த நிமிஷம் ஊரில் இருக்கிற எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓட வேண்டும். கலெக்டரும் ஊரைப் பார்க்க வரும் வெளிநாட்டு ஆட்களும் மேடையை விட்டு இறங்கினால் நாலு பக்கமும் தண்ணீர் கொட்ட வேண்டும். பெண்களிடம் மூச்சு விடவில்லை. சிந்துவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டுமாம்!

மோட்டாரையெல்லாம் தானாக ஓடும்படி நேரம் குறித்து வைத்துவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். கலெக்டர் தாமதமாக வந்தார். அதற்கு மேல் லோகநாதன் மைக்கைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. அவன் முடித்ததும் கலெக்டர் பேச எழுந்தார். உளுந்து இன்னும் அவள் காதுக்குப் பின்னால்தான் இருந்தது.

முதலில் எனக்குச் சத்தம்தான் கேட்டது. பந்தலுக்குத் தெற்கே தண்ணீர் விழுகிற சத்தம். அப்புறம் மேற்கே. அப்புறம் எல்லாப் பக்கமும். எத்தனை வருஷமாயிற்று அதைக் கேட்டு! ஒரு கணம் எனக்குப் புல்லரித்துப் போனது. மறுகணம் மேடையைப் பார்த்தேன்.

சிந்துஜா அரக்குப் பட்டில், கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். கலெக்டர் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த உதடுகள் எனக்குத் தெரியாதவையா? நாக்கு உள்ளே தடவித் தடவிப் பார்க்கிறது. எதிரே மேசையில் சொம்பு இருந்தது. அவள் கை அதன் பக்கம் போகவில்லை, மடியில் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அவள் சொம்பைத் தூக்கினால் ஊர் தோற்றுப் போனதாக ஆகிவிடும். செத்தாலும் சாவாள், தூக்க மாட்டாள். திமிர் பிடித்தவள்.

'இன்னொரு தடவை ஒரேயடியா எறங்குச்சுன்னா' என்று டாக்டர் சொன்னது காதில் அடித்தது. என் தொண்டையே வறண்டு போனது. பயம் என்றுதான் நினைத்தேன். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினேன். கலெக்டர் கையில் இருந்த மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்று சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

"மன்னிச்சுக்குங் சார். டேய், மோட்டார நிறுத்துங்கடா! உங்க ஒறம்பரை மரியாதையில இடி விழ! அவ சாகறாடா!"

சொல்லி முடிப்பதற்குள் பந்தலில் பாதிப் பேர் எழுந்து நின்றிருந்தார்கள். போனை எடுத்தவர்கள் எடுத்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டி ஓடினவர்கள் ஓடினார்கள். ஒவ்வொரு பக்கமாகத் தண்ணீர்ச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. நான் சொம்பைத் தூக்கி அவள் வாயில் வைத்தேன்.

"ஒரே ஒரு வாய்தான். அதுக்கு மேல குடிச்சீன்னா பல்லைத் தட்டிப் போடுவேன்."

ஒரு வாய் குடித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. "மானத்த வாங்கிப்போட்டீங்களேக்கா" என்றாள்.

"போடி" என்றேன். அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அவளை மேடைக்குப் பின்னால் கூட்டிப் போய் உட்கார வைத்தோம். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். ஷபானா வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா ஆச்சு இவங்களுக்கு?"

"என்ன ஆச்சுன்னு எங்களைக் கேக்கறீங்களா? எல்லாம் உங்க உளுந்து பண்ற வேலைதான்" என்று சீறினேன்.

"அது ஓடவே இல்லைம்மா. காலையிலயே நான் நிறுத்திட்டேன். எடுக்கறதுக்கு முன்னால ஓய்வு குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. சொன்னா சிந்துஜாம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் சொல்லலை." போனைத் திருப்பிக் காட்டினார். தினமும் பச்சையாகத் துடிக்கிற கோடு அன்றைக்கு அசையாமல் கிடந்தது. "இன்னிக்கு அது வெறும் கல்லு."

சிந்துஜா காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்ப எனக்கு எடுத்த தாகம் யாருதுங் மேடம்?"

"உங்களுதுதான்" என்றார் ஷபானா. குரல் உடைந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல உடம்பு கத்துக்கிட்டது போலிருக்கு. தண்ணி கொட்டுற சத்தம் கேட்டாலே தொண்டை காய ஆரம்பிச்சுடுது. உளுந்தை இப்பவே எடுத்துடலாம். இதை நான் எப்படி எடுப்பேன்? உங்களை என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்!"

சிந்துஜாவுக்குக் கண் நிறைந்து வந்தது. ஆயுசு முழுக்க இதோடு கிடக்க வேண்டுமா இவள்? பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மோட்டார் நின்னுச்சல்லங், அது போதும். நீங்க அழுவாதீங் மேடம்."

அப்போது பந்தி நடத்த வந்திருந்த சமையல் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். காங்கேயத்து ஆள், எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாதவர்.

"இந்த ஊர்ல தலைவர் யாருங்? இன்னும் எலையே போடல, குடிக்க வெச்ச ட்ரம்மு ஆறும் காலிங்! வந்த ஒறம்பரைக ஒரு டம்ளர்கூடக் குடிக்கலீங். உங்க ஊர்க்காரங்கதான், ஆம்பிள பொம்பிள அத்தன பேரும் ஓடியாந்து மொண்டு மொண்டு குடிச்சுப்போட்டாங்க. இப்பத்தான் கொஞ்சம் முன்னால!"

ஷபானா எழுந்து தடுப்புத் துணியை விலக்கினார். நானும் பார்த்தேன். ட்ரம்மைச் சுற்றி எங்கள் ஊர் நின்றது. லோகநாதனின் சலவைச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என் கொழுந்தனார் சொம்போடு நின்றார். ரேஷன் கடைக்காரர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து முழித்தார்கள். நான் கையைப் பார்த்தேன். சிந்துஜா ஒரே வாய் குடித்த சொம்பு என் கையில்தான் இருந்தது. அதில் ஒரு சொட்டு மிச்சமில்லை. எப்போது குடித்தேன்?

"இவங்க யாருக்கும் நான் எதுவும் வைக்கலையே" என்றார் ஷபானா. அவர் கையில் புல்லரித்திருந்தது எனக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "அம்மா, இனி இந்த ஊருக்கு நான் யாரைத் தொண்டைன்னு எழுதறது?"

என் நெஞ்சு பூரித்துப் போயிருந்தது. பெரிதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பக்கத்தில் சிந்துஜாவும் உதட்டைத் தடவினாள். தண்ணீர்ச் சத்தம் எங்கேயும் இல்லை, எல்லாம் அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் ட்ரம்மைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும், ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமலே, கிழக்கே திரும்பியது.

கிழக்கே ரொம்ப தூரத்தில் எங்கள் தோட்டம்தான் இருக்கிறது. சபரி சட்டைப்பையைத் துழாவிப் போனை எடுத்தார். சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

"ஐயோ, நம்ம மோட்டாரு நிக்கவே இல்ல!" என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார் என் வீட்டுக்காரர்.